கதகளியைக் கேட்பவர் எவர்? குமுளியின் இளவேனிலை முன்வைத்து

ஐரோப்பிய நகரங்களில் இளவேனில் என்பது இசைக்கான பருவமும் ஆகும். இத்தாலியின் புளோரன்சு நகரில் 1933-இல் தொடங்கிய ‘மாஜோ முசிகாலே’ என்னும் மே மாத இசைவிழா இன்றும் தொடர்கிறது. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஈஸ்டர் இசைவிழாவை எர்பெர்ட் வான் கராயன் 1967-இல் நிறுவினார். இத்தகைய விழாக்களுக்குச் செல்லும் ஓபரா ரசிகர் பல மாதங்களுக்கு முன்பே நுழைவுச்சீட்டு வாங்குகிறார். பாடல் நூலைப் படித்துக்கொள்கிறார். எந்தப் பாத்திரத்தை எவர் பாடுகிறார் என்று விசாரித்து அறிகிறார். மேடையில் ஒப்பனையும் நடிப்பும் காட்சியமைப்பும் இருந்தாலும் அவர் செல்வது முதன்மையாகக் கேட்பதற்காகவே.

கேரளத்திலும் இளவேனில் அரங்கின் பருவமே. தை பிறந்தது முதல் சித்திரை முடியும்வரை, அதாவது மகரம் முதல் மேடம் வரை, கோயில் திருவிழாக்கள் வரிசையாக நிகழ்கின்றன. மழைக்காலம் தொடங்கும் முன்னர்த் திறந்தவெளிகளில் விளக்கு ஏற்றப்பட்டுக் கதகளி விடியவிடிய ஆடப்படுகிறது. பாலக்காட்டுப் பகுதியில் செம்பை வைத்தியநாத பாகவதரின் (1896–1974) சொந்த ஊரில் மாசியை ஒட்டி வரும் ஏகாதசி இசைவிழாவும் இப்பருவத்துக்குரியதே. பாலக்காட்டிலிருந்து இடுக்கிவரை தமிழகத்தை ஒட்டியே நீளும் மலைத்தொடரின் அப்பால் இத்தனையும் நடந்துகொண்டிருக்க, இப்பால் உள்ள தமிழ் ஆய்வுலகத்தின் இசைநாட்காட்டி மார்கழியோடு முடிந்துவிடுகிறது.

இந்த விலகல் குமுளியில் மிகத் தெளிவாகத் தென்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலைப்பாதையில் ஏறிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் ஏலக்காய் மணக்கும் அந்தக் கடைவீதி வந்துவிடும். தேக்கடிக்கு வரும் பயணிகளுக்காக அங்கு மாலைதோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கதகளி நிகழ்த்தப்படுகிறது. பச்சை, கத்தி, தாடி, கரி என வேடங்கள் விளக்கப்படுகின்றன; கண்ணசைவும் கைமுத்திரையும் செய்துகாட்டப்படுகின்றன; பின்னர் ஒரு சிறு காட்சி. பயணி நிறைய ஒளிப்படங்களோடு திரும்புகிறார். அவரோடு வந்த தமிழ் மாணவரும் அப்படியே திரும்புகிறார். இருவரும் கதகளியைப் பார்த்திருக்கிறார்கள். கேட்டிருக்கிறார்களா என்பதே கேள்வி.

கதகளி நடிகர் வசனம் பேசுவதில்லை. ஆட்டக்கதையின் ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் பின்னால் நிற்கும் இரு பாடகர்களின் வாயிலிருந்தே வருகிறது. முதன்மைப் பாடகர் ‘பொன்னானி’. அவர் கையில் சேங்கில என்னும் வெண்கலத் தட்டு. உடன்பாடுபவர் ‘சிங்கிடி’, அவர் கையில் இலத்தாளம். செண்டையும் மத்தளமும் முழங்க, பெண் பாத்திரங்களுக்கு இடக்கை சேர்கிறது. பொன்னானி ஓர் அடியைப் பாட, சிங்கிடி அதை ஏற்றுப் பாடுகிறார். நடிகர் அந்த அடியைச் சொல் சொல்லாக முத்திரையில் விரிக்கும் நேரமெல்லாம் அவ்வடி மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. ஒவ்வொரு முறையும் இராகம் சற்றே வேறு முகம் காட்டுகிறது. இந்தத் திரும்பப் பாடும் முறையே கதகளி இசையின் உயிர். மெதுநடையில் செல்லும் ஒரு பதத்தை நிறைவாக ஆடிமுடிக்க நெடுநேரம் ஆவதும் இதனாலேயே. கதையைச் சுருக்கக் கத்தரி வைக்கப்படும்போது முதலில் வெட்டுப்படுவதும் இதுவே.

தமிழ்க் காதுக்கு இவ்விசை அந்நியமன்று. தோடி, காம்போதி, சங்கராபரணம் போன்ற இராகங்கள் இங்கும் உண்டு. பாடி, புறநீர் போன்ற கேரளத்துக்கே உரிய இராகங்கள் அவற்றுக்கு அருகிலேயே ஒலிக்கின்றன. இரண்டு அரங்குகளுக்கும் பொதுவான ஆசிரியர்களும் உள்ளனர். ‘கீசகவதம்’, ‘உத்தராசுயம்வரம்’, ‘தட்சயாகம்’ ஆகிய ஆட்டக்கதைகளை இயற்றிய இரயிம்மன் தம்பி (1782–1856) கருநாடக இசைக் கீர்த்தனைகளையும் இயற்றியவர். அவருடைய ‘கருணை செய்வான் எந்து தாமசம்’ என்ற பாடலைச் செம்பை யதுகுல காம்போதியில் பாடிப் புகழ்பெறச் செய்தார். சபா மேடையில் தம்பியின் கீர்த்தனைக்குத் தலையசைக்கும் ஒருவர், அதே தம்பியின் பதத்தைக் கதகளி மேடையில் வெறும் பின்னணி ஓசையாகக் கடந்துபோவது விந்தையான செவிப்பழக்கம்.

கேரளத்தின் தேர்ந்த ரசிகர்கள் அப்படிக் கடந்துபோவதில்லை. இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து கலாமண்டலத்தில் பயின்ற ஐதர் அலி (1946–2006) கதகளிப் பாடகர்களுள் பெரும்புகழ் பெற்றவர். கோயில் வளாகத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லாத நிலையில், ஆலயம் ஒன்றில் சுற்றுச்சுவரின் ஒரு பகுதியை இடித்து மேடையை வெளிப்புறமாக நீட்டி, அவர் வெளியில் நின்று பாட வழி செய்யப்பட்டது. அந்நிகழ்வில் விலக்கலின் கறை அழியாமல் இருக்கிறது. அதே வேளையில், சுவரை உடைத்தேனும் ஒரு குரலைக் கேட்க வேண்டும் என்ற வேட்கையும் அதில் இருக்கிறது. கதகளி வெறும் காட்சிக்கலையாக இருந்திருந்தால் அந்த வேட்கைக்கு இடமே இருந்திராது.

சுற்றுலா மேடை குறுகியது என்பதற்காக அதை இகழ்வது எளிது, ஆனால் நியாயமாகாது. அந்த ஒரு மணி நேரம் பல கலைஞர்களுக்கு ஆண்டு முழுவதும் வருவாய் தருகிறது. பலருக்கு முதல் வாயிலாகவும் அமைகிறது. குறை நேரத்தின் அளவில் இல்லை, அதைப் பங்கிடும் முறையில் இருக்கிறது. பல துண்டுகளைக் காட்டுவதற்குப் பதிலாக ஒரே ஒரு பதத்தை, இரு பாடகர்களோடும் முழு மேளத்தோடும், வெட்டாமல் ஆடிக்காட்ட ஒரு மணி நேரம் போதும். ஒலிப்பதிவைக் கொண்டு ஒப்பேற்றும் இடங்களில் உயிருள்ள குரலை அமர்த்துவதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. ஆனால் ஒலிப்பதிவுக்கு ஆடும் நடிகரால் ஓர் அடியை விரும்பியவாறு நீட்டிக்கொள்ள இயலாது. பாடகரும் நடிகரும் ஒருவரையொருவர் பார்த்து நடத்தும் அந்த உரையாடலே அங்கு இல்லாமற்போகிறது.

மொழி புரியாதே என்ற மறுப்புக்கு ஓபரா உலகம் ஏற்கனவே விடை கண்டுவிட்டது. கனடாவின் டொரொண்டோ நகரில் 1983-இல் ‘எலெக்ட்ரா’ நிகழ்த்தப்பட்டபோது மேடைக்கு மேலே பாடல்வரிகளின் மொழிபெயர்ப்பு திரையிடப்பட்டது. கவனம் சிதறும் என்று அன்று எதிர்ப்புகள் எழுந்தன. இன்று அது உலகின் பெரும்பாலான ஓபரா அரங்குகளில் வழக்கமாகிவிட்டது. குமுளியில் அவ்வளவு கருவிகள்கூடத் தேவையில்லை. அன்று பாடப்படும் பதத்தைத் தமிழ் எழுத்தில் பொருளுடன் அச்சிட்ட ஒரு தாள் போதும். மணிப்பிரவாளத்தின் சொற்களில் பாதியைத் தமிழ் மாணவர் தாமே உணர்ந்துகொள்வார்.

தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் உள்ள கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில், பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிருவாகங்களும் சேர்ந்து அவ்விழாவுக்கு ஏற்பாடு செய்கின்றன. தமிழகப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து மக்கள் நடந்தும், குமுளியிலிருந்து ஜீப்புகளிலும் ஏறுகிறார்கள். அக்கோயிலின் நாயகி இடம்பெறும் சிலப்பதிகாரம், இயலோடு இசையையும் நாடகத்தையும் தன்னுள் கொண்ட காப்பியம். அதன் அரங்கேற்று காதையை அடிப்படையாக வைத்து விபுலாநந்தர் ‘யாழ் நூல்’ எழுதினார். அது 1947-இல் வெளிவந்தது. அதே காப்பியத்தின் நடுகற் காதையில், பறையூரைச் சேர்ந்த கூத்தச் சாக்கையன் ஒருவன் சேரன் செங்குட்டுவன் முன் கொட்டிச்சேதம் ஆடுகிறான். சாக்கியார் என்ற பெயர் கேரளத்துக் கூத்து மரபில் இன்றும் வாழ்கிறது.

இதிலிருந்து கதகளி இசை சிலம்பின் நேரடி வாரிசு என்று முழங்குவது தவறு. இடையில் பல நூற்றாண்டுகளும் பல மாற்றங்களும் உள்ளன; கதகளி உருப்பெற்றதே பிற்காலத்தில்தான். சொல்ல வேண்டியது அதைவிட எளிமையானது. இசையும் ஆடலும் சொல்லும் ஒரே மேடையில் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைச் சிலம்பின் உரைகளில் மட்டும் படித்து உணர்வது கடினம். பாடகர் ஒருபுறமும் ஆடுபவர் ஒருபுறமுமாகப் பொருள் பிறக்கும் விதத்தை நேரில் கேட்டவர் அரங்கேற்று காதைக்குத் திரும்பும்போது கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும். அத்தகைய மேடை கம்பத்து மாணவருக்கு மலையேறும் தொலைவில்தான் உள்ளது.

வாக்னரின் ‘நிபெலுங்கன் மோதிரம்’ நான்கு நாள் தொடராக 1876-இல் பைராய்த்தில் அரங்கேறியதைப் பாடநூல்கள் வியப்போடு குறிக்கின்றன. உண்ணாயி வாரியரின் ‘நளசரிதம்’ அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே நான்கு நாள் ஆட்டக்கதையாக எழுதப்பட்டது. இரண்டையும் அறிவது நல்லது. அடுத்த இளவேனிலில் கண்ணகி கோயிலுக்குச் செல்லும் தமிழ் மாணவர் குழு, மலையேற்றத்துக்கு முந்தைய மாலையைக் குமுளியின் ஒரு கதகளி அரங்குக்கு ஒதுக்கட்டும். செல்லும் முன் பதத்தைப் படித்துக்கொள்ளட்டும். ஓர் அடி முடியும்வரையாவது நடிகரின் கண்களை விட்டு, பின்னால் சேங்கிலத்துடன் நிற்பவரின் குரலில் மனத்தை நிறுத்தட்டும். கேட்க ஆள் வந்தால் பாடுவதற்கு நேரம் ஒதுக்கப்படும். எந்த மேடையும் தன் முன் அமர்ந்திருப்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை விரைவிலேயே அறிந்துகொள்கிறது.