ரொலான் காரோஸ் என்ன பாவம் செய்தார்?

மே மாதக் கடைசியில் பாரிஸில் களிமண் தரை டென்னிஸ் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும். நம் வர்ணனையாளர்கள் சிலர் 'ரோலண்ட் காரோ' என்கிறார்கள். ஊமையாக இருக்க வேண்டிய 'ட்'டை அழுத்திச் சொல்லி, ஒலிக்க வேண்டிய 'ஸ்'ஸை விழுங்கிவிடுகிறார்கள்! ரெயூனியோன் தீவில் பிறந்து, 1913-இல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல் விமானத்தில் முதலில் கடந்தவர் அவர். 1928-இல் திறந்த அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பிரெஞ்சில் கடைசி எழுத்து ஊமை என்று யாரோ அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் புதுச்சேரி துய்மா வீதிக்கு அது பொருந்தும். எழுத்தில் 'எஸ்' உண்டு, வாயில் கிடையாது. காரோஸுக்குப் பொருந்தாது. தெரிந்தவரைக் கேட்க வேண்டாமா? அரசு அலுவலகத்தில் பெயரில் ஓர் எழுத்து பிசகினால் பென்ஷனே நின்றுபோகும்.

கால்பந்தில் தியெரி ஆன்ரி இவர்களுக்கு 'ஹென்றி'. அவர் லண்டனில் ஆடிய காலத்திலேயே ஆங்கிலேயர்கள் 'ஆன்ரி' என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

தமிழில் அந்த ஒலி இல்லையாம். நொண்டிச் சாக்கு! இல்லாத 'ட்'டைச் சொல்லாமல் விடுவதற்கு எந்த எழுத்து வேண்டும்? 18-ஆம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை 'முசே' என்று காதால் கேட்டு எழுதினார். தமிழ் நாக்குக்கேற்ப வளைத்தார். அதில் எனக்குச் சண்டையே இல்லை. இவர்களோ ஆங்கில எழுத்தைக் கண்ணால் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்.

சரி, பிரெஞ்சு போகட்டும். "மளையால் ஆட்டம் நிறுத்தம்" என்கிறாரே ஒருவர், அதற்கு எந்த அந்நிய மொழி குறுக்கே நின்றது?