மதுவும் பல்லின் மெருகும்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர் என்பதை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அவ்வூரிற் பிறந்த யான், சிறு வயதில் எங்கள் தெருப் பட்டறையின் திண்ணையில் அமர்ந்து, பொம்மைகள் மெருகுக் குழம்பில் தோய்ந்து சூளைக்குட் செல்வதைப் பார்த்துப் பொழுது போக்கியதுண்டு. ஏறக்குறைய 1,200 பாகை வெப்பத்தில் அக்குழம்பு உருகிக் கண்ணாடிபோற் படியும். மெருகு பழுதுற்ற பொம்மைக்கு மீண்டும் குழம்பு பூசிச் சுடுவார் அங்கு வேலை செய்த முதியவர் ஒருவர். அவரைப் பெரியப்பா என்றழைப்போம். மாலையானால் அவர் குடிப்பார். பல் வலித்தால் பிராந்தியை வாயில் அடக்கிக்கொள்வதே அவர் அறிந்த மருத்துவம். வலி சிறிது மரத்தது மெய்யே. ஈறு வெந்து வெளுத்ததும் மெய்யே.

பல்லுக்கும் மெருகுண்டு. எனாமல் எனப்படும் அது, நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். உயிரணு அதில் இல்லை. ஆதலின் தேய்ந்துபோனால் மீண்டும் வளராது. மறு சூளையும் அதற்கில்லை. அதனைக் காப்பது உமிழ்நீர். புளிப்பால் இளகிய மெருகுக்குக் கால்சியத்தை மீட்டுத் தருவது அந்நீரே. மது வாயை உலர்த்துகிறது. உடன் கலக்கும் இனிப்புச் சோடாவோ புளிப்பைப் பெருக்குகிறது. குடித்து வாந்தியெடுப்போர்க்கு இரைப்பையின் அமிலம் மேற்பற்களின் உட்புறத்தை அரிக்கும். பல் துலக்காமலே உறங்கிவிடுதலும், விழுந்து முன்பல் உடைதலும் சொல்லாமலே விளங்கும்.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. மதுவை உடல் அசிட்டால்டிஹைட் என்னும் நஞ்சாக மாற்றுகிறது. வாயிலுள்ள நுண்ணுயிர்களும் அவ்வேலையைச் செய்கின்றன. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே மதுவைப் புற்று விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிற் சேர்த்தது. புகையிலையும் கூடினால் வாய்ப்புற்றின் இடர் பன்மடங்காகும்.

தமிழ் பயிலும் மாணவன் ஈண்டு வள்ளுவரை மறத்தல் இயலாது. கள்ளுண்ணாமை என்னும் 93-ஆம் அதிகாரம் புகழையும் நாணத்தையும் தாயின் முகத்தையும் கூறுகிறது, பல்லைக் கூறவில்லை. அஃது அவர்மேற் குறையன்று. நம் மேடைப் பேச்சாளர் இன்றும் நாணத்தோடு நின்றுவிடுவதே குறை. சேலம் மாவட்டத்தில் 1937-ல் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுதும் பரவியது; 1971-ல் தளர்ந்தது; 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. சட்டத்தின் கதை கிடக்க. நாணூட்டுவதால் குடிப்பவன் வாயை மூடிக்கொள்கிறான். மருத்துவருக்கு வேண்டுவதோ அவன் வாயைத் திறப்பது.

பெரியப்பா கன்னத்தின் உட்புறப் புண்ணை ஆறு திங்கள் மறைத்தார். காட்டினால் குடியைச் சொல்லி ஏசுவார்களென அஞ்சினார். காட்டியபோது அது புற்று. தாடையில் ஒரு பகுதியை அகற்ற நேர்ந்தது. இன்று கஞ்சியே உணவு, பட்டறைக்கு வருவதில்லை.

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் சிற்றூர் முகாமுக்குச் செல்லுங்கால் பல் மருத்துவர் ஒருவரையும் அழைத்துச் செல்லலாம். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும், வெள்ளை அல்லது சிவப்புப் படலத்தையும் அவர் நோக்குவார். எவ்வளவு குடிக்கிறீர் என்பதை, உணவில் எவ்வளவு உப்புச் சேர்க்கிறீர் என்று கேட்கும் குரலிலேயே கேட்டல் வேண்டும். அது குடியை மன்னிப்பதாகாதோ என்றார் ஓர் ஆசிரியர். பெரியப்பாவை அக்குரலில் ஒருவரேனும் கேட்டிருப்பின், அப்புண் முதல் திங்களிலேயே வெளிப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.