வீட்டிலே சலவைத்தூள்: சிக்கனமா, செலவா?

எமது சங்க அன்பர்களிடையே, குறிப்பாக ஓய்வூதியத்தில் வாழும் முதியோரிடமிருந்தும் சிறு பிள்ளைகள் உள்ள இளம் தாய்மாரிடமிருந்தும், அண்மைக்காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "டொக்டர், சலவைத்தூளின் விலை ஏறிக்கொண்டே போகிறது. சவர்க்காரக் கட்டியைத் துருவிச் சலவைச் சோடாவுடன் கலந்து வீட்டிலேயே தூள் செய்யலாம் என்கிறார்களே, செய்யலாமா?" என்பதே அக்கேள்வி. சலவைக் கணக்கை மருத்துவரிடம் கேட்பதா என்று எவரும் நகைக்க வேண்டியதில்லை. தோல் அரிப்பு, கண் எரிவு, தொய்வு ஆகிய மூன்றுக்கும் சலவைத்தூளுக்கும் தொடர்பு உண்டு. ஆதலால் இம்முறை இதனையே எடுத்துக்கொள்கின்றேன்.

வீட்டில் சலவைத்தூள் செய்து பெரும் புகழ் பெற்றவர் ஒருவர் உண்டு. குஜராத்தில் இரசாயனத் துறையில் பணியாற்றிய கர்சன்பாய் பட்டேல் என்பவர் 1969 ஆம் ஆண்டில் தமது வீட்டின் பின்புறத்தில் மஞ்சள் நிறத் தூளொன்றைக் கலந்து, அதைத் துவிச்சக்கர வண்டியில் கொண்டு சென்று வீடு வீடாக விற்றார். விலை கிலோ சுமார் 3 ரூபாய். அக்காலத்தில் பெயர் பெற்றிருந்த தூளோ அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. நிருபமா என்ற தமது மகளின் பெயரை ஒட்டி அவர் இட்ட 'நிர்மா' என்ற பெயர் பின்னர் இந்தியா எங்கும் பரவியது. இதைக் கேட்கும்போது நாமும் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் பட்டேல் சவர்க்காரக் கட்டியைத் துருவிப் போடவில்லை. அவர் இரசாயனம் கற்றவர். அவர் கலந்தது செயற்கைச் சலவைப் பொருள். சவர்க்காரத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டிலேதான் நமது கேள்விக்கு விடை இருக்கின்றது.

இலண்டனில் நமது குழாய்களில் வருவது வன்னீர், அதாவது சுண்ணாம்பு மிகுந்த நீர். தேம்ஸ், லீ ஆறுகளும் நிலத்தடி ஊற்றுக்களும் சுண்ணக்கல் நிலத்தினூடாக வருவதால், லீற்றர் ஒன்றில் 200 முதல் 300 மில்லிகிராம் வரை சுண்ணாம்பு உப்பு கரைந்திருக்கும். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுவே. யாழ்ப்பாணத்து அன்பர்களுக்கு இது புதிதன்று. குடாநாடும் சுண்ணக்கற் பாறையின் மேல் அமைந்ததே. சில கிணறுகளில் எவ்வளவு தேய்த்தாலும் சவர்க்காரம் நுரைக்காததைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

வன்னீரில் சவர்க்காரம் பட்டவுடன் சுண்ணாம்பு அதைப் பற்றிக்கொண்டு, நீரில் கரையாத ஒரு பிசுக்காகி விடுகின்றது. குளியல் தொட்டியின் ஓரத்தில் வளையமாகப் படியும் அழுக்கு அதுவே. செயற்கைச் சலவைப் பொருள் அவ்வாறு எளிதில் பிசுக்காவதில்லை. 'சோடா சேர்த்தால் சுண்ணாம்பு போய்விடுமே' என்று சிலர் வாதிடலாம். உண்மைதான், துவைக்கும் நீரில் போய்விடும். ஆனால் அலசும் நீர் மீண்டும் புதிதாகக் குழாயிலிருந்து வரும் வன்னீர் அல்லவா? துணியில் எஞ்சியுள்ள சவர்க்காரம் அப்போது இழைகளுக்குள்ளேயே பிசுக்காகப் படிகின்றது. சில மாதங்களில் வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகும். துவாய் விறைத்து நீரை உறிஞ்சாது. யந்திரத்தின் குழாய்களிலும் பிசுக்கு சேரும். யந்திரம் திருத்தக் கொடுக்கும் பணத்தை எண்ணிப் பார்த்தால் மிச்சம் பிடித்தது எங்கே? லொக் கற்றின் ஏரியின் மென்னீரை 1859 முதல் அருந்திவரும் கிளாஸ்கோவாசிகளுக்குப் பொருந்தும் செய்முறை இலண்டன்வாசிகளுக்குப் பொருந்தாது.

அமெரிக்கச் செய்முறைகளில் வெண்காரமும் சேர்க்கச் சொல்வார்கள். மகப்பேற்றுக்கும் கருவிலுள்ள சிசுவுக்கும் கேடு விளைவிக்கக்கூடிய பொருள்களின் வகையில் அது சேர்க்கப்பட்டபின், இந்நாட்டுக் கடைகளில் பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. 'வெண்காரத்துக்குப் பதிலாக' என்று எழுதி விற்கப்படுவது வேறு உப்பு.

அப்படியாயின் சிக்கனத்துக்கு வழியே இல்லையா? உண்டு. துருவுவதை விட்டுவிட்டுச் சோடாவை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் உவர்மண் கொண்டு வெளுத்த காலத்தில் அழுக்கை நீக்கியதும் அம்மண்ணிலிருந்த இதே சோடாவே. கணக்கைப் பாருங்கள். யந்திரம் துவைப்பதற்குச் சுமார் 15 லீற்றர் நீர் எடுக்கிறது என வைத்துக்கொண்டால், அதிலுள்ள சுண்ணாம்பு 4 அல்லது 5 கிராம். அதைப் பிடிப்பதற்குச் சோடாப் பளிங்கு சுமார் 13 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி போதும். ஒரு கிலோப் பொதி எழுபது தடவைக்கு மேல் வரும். சலவைத்தூள் பொதியில் மென்னீருக்கு ஓர் அளவும் வன்னீருக்கு அதைவிடக் கூடிய ஓர் அளவும் அச்சிட்டிருப்பார்கள். உடுப்புக்களுடன் ஒரு கரண்டி சோடாவைப் போட்டுவிட்டு, கடையிலுள்ள மலிவான தூளை மென்னீருக்குரிய அளவில் பாவியுங்கள். கண்மதிப்பாகக் கொட்டாமல் அளந்து போடுவதே பாதிச் சிக்கனம்.

மறுபாதி மின்சாரத்தில் இருக்கின்றது. சலவை யந்திரம் செலவிடும் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே போகின்றது. சாதாரண உடுப்புக்களுக்கு 30 பாகை போதும். யந்திரம் நிறைந்த பின்னரே ஓடவிடுங்கள். வீட்டில் எவருக்கேனும் வாந்தி, வயிற்றோட்டம் கண்டிருந்தால் மட்டும் அவர்களது துணிகளையும் படுக்கை விரிப்புக்களையும் வேறாக 60 பாகையில் துவையுங்கள். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பட்டுச் சேலை, பட்டு வேட்டி, கம்பளி ஆகியவற்றுக்குச் சோடாவும் ஆகாது, நொதியம் சேர்ந்த தூளும் ஆகாது. கறையிலுள்ள புரதத்தைக் கரைப்பதே நொதியத்தின் வேலை; பட்டும் கம்பளியும் புரதமே. கையால் துவைக்கக்கூடிய பட்டுக்கு நமது பாட்டிமார் பாவித்த பூந்திக்கொட்டை ஊறிய நீர் இன்றும் நல்லது. கண்ணில் மட்டும் படக்கூடாது. மஞ்சட் கறையில் சோடா பட்டதும் அது சிவந்துவிடும். அதைக் கண்டு பதற வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காயவிட்டால் நாளடைவில் வெளிறும்.

நொதியத்தூள் தோலுக்குக் கேடு என்ற அச்சம் பலரிடம் உண்டு. 1969 இல் ஃபிளின்ட் என்ற மருத்துவர், இந்நாட்டுச் சலவைத்தூள் தொழிற்சாலையில் நொதியத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தொய்வு போன்ற சுவாச நோய் கண்டதை 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார். அதன் பின்னர் நொதியத்தைத் தூசியாகப் பறக்காதபடி மணிகளாக உறையிட்டுச் சேர்த்தார்கள். துவைத்து அலசிய துணியிலுள்ள நொதியம் சாதாரணத் தோலைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. எனினும் எக்சிமா உள்ள பிள்ளைகளுக்கு, எந்தத் தூளானாலும் துணியில் மிஞ்சி நின்றால் அரிப்பு கூடலாம். அவர்களுடைய உடுப்புக்களை மேலும் ஒரு முறை அலசுங்கள்; வாசனைத் திரவியத்தைத் தவிருங்கள். அந்தத் தொழிற்சாலைப் பாடம் வீட்டுக்கும் பொருந்தும்: சமையலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு உலர்ந்த தூள்களைக் கலந்து தூசி கிளப்ப வேண்டாம்.

இனி நான் மிகவும் வற்புறுத்துவது. சோடாப் பளிங்கு பார்ப்பதற்குக் கற்கண்டு போலவே இருக்கும். நமது வீடுகளில் கற்கண்டு கிண்ணத்திலிருந்து எடுத்து வாயில் போடுவது பிள்ளைகளுக்குப் பழக்கம். ஆகவே சோடாவை ஒருபோதும் வெறும் ஹோர்லிக்ஸ் போத்தலிலோ பலசரக்கு டப்பாவிலோ கொட்டி வைக்காதீர்கள். அதன் சொந்தப் பொதியிலேயே, சிறுவர்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பைப்போல் பளபளக்கும் சலவைத் திரவ உறைகளும் அவ்வாறே. எரிசோடா வாங்கி வீட்டில் சவர்க்காரம் காய்ச்சும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஒரு துளி கண்ணைக் கெடுக்கும், ஒரு மிடறு உணவுக்குழாயைப் பொசுக்கும். பிளீச்சுடன் வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் திரவத்தையோ கலந்தால் நச்சு வாயு எழும். சோடாவுடன் வினாகிரி கலப்பதால் ஆபத்தில்லை. ஆனால் ஒன்றை மற்றொன்று முறித்துவிடுவதால் இரண்டும் வீண்.

கண்ணில் பட்டுவிட்டால் குழாய்நீரை மெதுவாக ஓடவிட்டு 20 நிமிடம் கழுவிக்கொண்டே உதவிக்கு அழையுங்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, மூச்சுத் திணறலோ வாய்ப்புண்ணோ கண்டால் உடனே 999, மற்றப்படி 111 இலக்கத்தை அழையுங்கள். விழுங்கிய பொருளின் பொதியையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

சுருங்கச் சொன்னால், சவர்க்காரக் கட்டி குளியலறையில் இருக்கட்டும், துருவல் தேங்காய்க்கு இருக்கட்டும். யந்திரத்துக்கு அளந்த தூளும் ஒரு கரண்டி சோடாவும் 30 பாகை நீரும் போதும்.