மொய்க்கு நோட்டு உண்டு, மேஸ்திரிக்கு?

தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவருக்கு வாரத்தின் சங்கடமான நேரம் சனிக்கிழமை சாயங்காலம். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டு கூலிக்காக நிற்பார்கள். மேஸ்திரி வந்து, "இந்த வாரம் ஒரு முப்பது போட்டு விடுங்க சார்" என்பார். முப்பதாயிரம் எந்தக் கணக்கில், இதுவரை கொடுத்ததற்கு எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்ற கேள்வி வீட்டுக்காரரின் தொண்டை வரை வரும். ஆட்கள் நிற்கிறார்களே என்று அதை விழுங்கிவிட்டுப் பணத்தை அனுப்பிவிடுவார். மேஸ்திரி அதை ஏதாவதொரு அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்வார். சில வாரங்களில் அதுவும் கிடையாது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்த பிறகு, "இன்னும் ரெண்டரை லட்சம் வரணும் சார்" என்ற பேச்சு எழும்போதுதான் இரண்டு பேரும் கணக்கைத் தேடத் தொடங்குவார்கள்.

அந்த நேரத்தில் வீட்டுக்காரர் வந்துசேரும் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: இந்த ஆள் ஏமாற்றுகிறார். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கட்டட வேலை, பிளம்பிங், வயரிங், தச்சு வேலை என்று கணக்கில் வரும் தகராறுகளில் கணிசமானவற்றுக்கு மோசடி காரணமில்லை. எழுதாமல் விட்டதே காரணம். எழுதாமல் விட்டதில் பணம் கொடுத்தவருக்கும் பங்கு உண்டு. இன்னும் சொல்லப்போனால், எழுத்தும் எண்ணும் நன்றாகப் பழகியவர், செயலியும் எக்செல்லும் தெரிந்தவர் அவர்தான். ஆகவே கணக்கு வைக்கும் பொறுப்பில் பெரிய பங்கு அவருடையது.

சட்டமே இந்தத் தொழிலாளர்களிடம் கணக்குப் புத்தகத்தை வற்புறுத்திக் கேட்பதில்லை. சேவை செய்து ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வரவு பார்க்கிறவர் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வருமான வரியிலும், ஆண்டு வரவு 2 கோடியைத் தாண்டாத சிறு தொழில் செய்கிறவர் வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிட்டால் போதும். வங்கி வழியே வந்த தொகைக்கு 6 சதவீதம். கணக்குப் புத்தகம் வைக்காவிட்டாலும் வரித்துறை கேட்காது. சிறு தொழில்காரரைக் காகித வேலையிலிருந்து காப்பாற்றச் செய்த நல்ல ஏற்பாடு இது. ஆனால் வரித்துறைக்குத் தேவைப்படாத நோட்டு தனக்கும் தேவையில்லை என்று அவர் எண்ணிக்கொள்கிறார். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது வருமானத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. பிறகு கந்துவட்டிக்காரர் வாசல்தான். 2003-இல் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவந்த பிறகும் அந்த வாசல் மூடப்படவில்லை.

எழுதினால் வம்பு என்ற பயமும் இருக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை, யு.பி.ஐ. வரவை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரியே இல்லாத காய்கறியை விற்றவருக்கும் அது போனது. பெங்களூரில் பல கடைகள் கியூ.ஆர். அட்டையைக் கழற்றிவிட்டு, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. கடைசியில் மாநில அரசு இறங்கிவந்தது என்றாலும், பதிவு என்றாலே வில்லங்கம் என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் கெட்டிப்பட்டதுதான் மிச்சம். இத்தனைக்கும் அந்தக் காய்கறிக்காரர் எதை விற்றார் என்று காட்ட ஒரு பில் புத்தகம் இருந்திருந்தால், நோட்டீஸுக்கு அதுவே பதிலாகியிருக்கும்.

எல்லாத் தொழிலிலும் இப்படி இல்லை. திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. அந்த லாரிக்காரர்களின் கணக்கைப் பாருங்கள். முதல் சில நூறு அடிகளுக்கு ஒரு ரேட், ஆழம் கூடக்கூட இன்னொரு ரேட், கேசிங் பைப்புக்குத் தனி. இறக்கிய ராடுகளை எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும். ஒரு ராடு பொதுவாக 20 அடி. வேலை முடிந்த இடத்திலேயே பில் எழுதி, பணத்தை வாங்கிக்கொண்டு வண்டி கிளம்பிவிடும். காரணம் எளிது. விடிந்தால் அந்த லாரி வேறு மாவட்டத்தில் நிற்கும். வீட்டுக்காரரின் தெருவிலேயே குடியிருக்கும் பிளம்பருக்கு அந்த அவசரம் இல்லை. "கணக்கு எங்க போகுது சார், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். தெரிந்தவர்களுக்குள் எழுதிக்கொள்வதைச் சந்தேகமாக நினைக்கும் பழக்கம் இங்கேதான் வேலை செய்கிறது.

தெரிந்தவர்களுக்குள் எழுதக் கூடாது என்பது உண்மையிலேயே தமிழர் வழக்கமா? கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து எழுதும் மொய் நோட்டு அப்படிச் சொல்லவில்லை. சொந்தத் தாய்மாமன் கொடுத்தாலும் ஊர், பெயர், தொகை மூன்றும் நோட்டில் ஏறும். அந்த நோட்டைப் பீரோவில் வைத்து இருபது, முப்பது வருஷம் காப்பாற்றுகிறார்கள். திருப்பிச் செய்ய வேண்டிய நாளில் எடுத்துப் பார்க்கிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்தில் ஆடி மாதம் நடக்கும் மொய் விருந்துகளில் லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. இப்போதெல்லாம் கணினியில் பதிந்து ரசீதே கொடுக்கிறார்கள். எழுதியதற்காக அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. எழுதாமல் விட்டால்தான் சண்டை. இவ்வளவு கறாராக உறவுக்கணக்கு எழுதும் சமூகம், ஏழு மாதம் தன் வீட்டில் வேலை செய்தவரின் கணக்கை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்கிறது.

இந்த விவகாரத்தில் வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. ஹார்டுவேர் கடையில் வயர், சுவிட்ச், பைப், மோட்டார் என்று நாற்பதாயிரத்துக்கு வாங்கினால் கடைக்காரர் கேட்கும் கேள்வி: "பில் வேணுமா, எஸ்டிமேட் போதுமா?" பில் என்றால் 18 சதவீதம் சேரும். எஸ்டிமேட் என்பது கடையின் பெயரோ எண்ணோ இல்லாத ஒரு துண்டுத்தாள். கணிசமானவர்கள் எஸ்டிமேட்டைத்தான் வாங்குகிறார்கள். மிச்சம் பிடித்த சந்தோஷம் மோட்டார் புகையும் வரை நீடிக்கும். வாரன்டிக்கு எடுத்துப் போனால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது தேதியும் சீரியல் நம்பரும் உள்ள பில். வரி கட்டாமல் பொருள் வாங்கிய அதே வீட்டுக்காரர், எலக்ட்ரீஷியன் முறையாகப் பில் தருவதில்லை என்று குறைபட்டுக்கொள்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

பொருளை எலக்ட்ரீஷியனே வாங்கி வந்தால் இன்னொரு சிக்கல். பல கடைகளில் அவருக்குக் கமிஷன் உண்டு. பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கென்றே டோக்கன் போட்டு விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அது ஊரறிந்த விஷயம். அதை வெளிப்படையாகப் பேசிக்கொண்டால் தவறில்லை. பொருள் செலவையும் கூலியையும் ஒன்றாகக் கலந்து, "மொத்தம் பதினெட்டு ஆச்சு" என்று வாங்கும்போதுதான் எதற்கு எவ்வளவு போனது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

யு.பி.ஐ. வந்த பிறகு இதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் தீர்ந்திருக்கிறது. யாருக்கு, எப்போது, எவ்வளவு போனது என்று செயலி சொல்லும். அது அட்வான்ஸா, சிமென்ட் வாங்கவா, போன வாரக் கூலிப் பாக்கியா என்று சொல்லாது. மேஸ்திரியின் போனில் பேலன்ஸ் இல்லை என்று அவர் மச்சான் நம்பருக்கு அனுப்பியது, நடுவில் ரொக்கமாகக் கொடுத்த ஐயாயிரம் எல்லாம் சேர்ந்தால் செயலியும் கைவிட்டுவிடும்.

துண்டுச் சீட்டு நீதிமன்றத்தில் எவ்வளவு செல்லும்? இதற்கு நாட்டையே உலுக்கிய ஒரு வழக்கில் பதில் இருக்கிறது. 1991-இல் கைப்பற்றிய ஜெயின் சகோதரர்களின் டைரிகளை வைத்துத் தொடுத்த ஹவாலா வழக்கில், 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோப்பில் செருகிய உதிரித்தாள்கள் கணக்குப் புத்தகமே ஆகாது. ஒழுங்காக எழுதிவந்த கணக்குப் புத்தகம்கூட, வேறு ஆதாரம் இல்லாமல் தனியாக நின்று அடுத்தவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது என்றது. பெரிய தலைவர்களின் பெயர் இருந்த டைரிக்கே அந்தக் கதி என்றால், அட்டையின் பின்பக்கக் கிறுக்கலுக்கு என்ன மதிப்பு? அந்தப் பழைய சாட்சியச் சட்ட விதி, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்திலும் தொடர்கிறது.

இதை வைத்து, பில் இல்லையென்றால் பணமும் தர வேண்டாம் என்று முடிவுகட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு. இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி செய்துகொடுத்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். எழுத்து இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பணம் தரும் தேதியைப் பேசிக்கொள்ளாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை வழக்குப் போடலாம். கேட்க மறந்துவிட்டார் என்று கடைசித் தவணையைத் தராமல் நழுவுகிற படித்த குடும்பங்கள் நம் ஊர்களில் கொஞ்சநஞ்சமல்ல. பில் போடாத பிளம்பரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். இவர்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

வீட்டுக்காரருக்கும் சட்டத்தில் பிடிமானம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராததையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ஆனால் அங்கேயும் முதல் கேள்வி, எவ்வளவு கொடுத்தீர்கள், எதற்குக் கொடுத்தீர்கள் என்பதுதான்.

பணத்தைவிட அளவில்தான் கட்டடத் தகராறு அதிகம். பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கூலி பேசியாயிற்று. கதவு, ஜன்னல் இருக்கும் இடத்தைக் கழிப்பதா வேண்டாமா? மேஸ்திரி கழிக்க மாட்டார். வீட்டுக்காரர் முழுக்கக் கழிப்பார். ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர விதி நடுவழி சொல்கிறது: அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை, அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, சுவரின் இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். மூன்றடிக்கு ஏழடிக் கதவு இந்த இரண்டாம் வகையில் வரும். கதவோரப் பூச்சின் கூலியும் அதில் அடங்கிவிடுகிறது. வேலை தொடங்கும் முன்பே இதை ஒரு வரி எழுதிக்கொண்டால் கடைசி நாள் கூச்சல் பாதி குறையும்.

அரசுப் பொறியாளர்கள் எம் புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் பக்கங்களுக்கு வரிசை எண் உண்டு. தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வீடு கட்டுகிறவருக்கு இதன் எளிய வடிவம் போதும். சைட்டில் ஒரு நோட்டு. சனிக்கிழமைதோறும் நான்கு விஷயம்: இந்த வாரம் முடிந்த வேலை, கொடுத்த தொகை, இதுவரை மொத்தம், மீதி. வீட்டுக்காரரே எழுதி, மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாம். "சரி சார்" என்று அவர் அனுப்பும் பதிலும் ஒரு பதிவுதான். கூடுதல் வேலையை, அதாவது எக்ஸ்ட்ராவை, தொடங்கும் முன்பே தொகையோடு அந்த நோட்டில் ஏற்ற வேண்டும். உண்மையில் பெரிய சண்டைகள் முளைக்கும் இடம் அதுதான். கடைசித் தவணையின்போது, முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு ரசீது. ரொக்கமாக 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. ஒரே வேலைக்கு ஒருவர் ரொக்கமாக 2 லட்சமோ அதற்கு மேலோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 முதல் தடை செய்திருக்கிறது என்பதையும் மேஸ்திரிக்குச் சொல்லிவிடுவது நல்லது. அபராதம் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

"என்ன சார், நம்பிக்கை இல்லையா?" என்று மேஸ்திரி கேட்பார். அந்த நோட்டு அவரையும் காப்பாற்றுகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வது வீட்டுக்காரரின் வேலை. வாரக்கூலி போதவில்லை என்று ஆட்கள் அவரை நெருக்கும்போது காட்ட, வீட்டுக்காரர் பாக்கியை இழுத்தடிக்கும்போது நீட்ட, அவர் கையில் இருக்கும் ஒரே சான்று அதுதான்.

இதைத் தனித்தனி வீட்டுக்காரர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டால் நடக்காது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கென 1994 முதல் தமிழ்நாட்டில் நலவாரியம் இயங்குகிறது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் அதற்கு நல நிதியாக வசூலாகிறது. வீடு கட்டுகிறவர்கள் கொடுத்த பணமும் அதில் இருக்கிறது. அதிலிருந்து, பதிவு செய்த ஒவ்வொரு மேஸ்திரிக்கும் பிளம்பருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும், பெயரும் பதிவு எண்ணும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒரு கார்பன் பில் புத்தகத்தை ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுக்க வாரியம் முன்வர வேண்டும்.