மயிலையின் சிறு கடைகள் நிலைக்குமா?

ஊருக்குப் புதிதாக ஒரு பெரிய வசதி வரும்போது அதற்கு விலை கொடுப்பவர்கள் யார் என்று கேட்பது அவசியமாகிறது. சென்னை மயிலாப்பூரில் இன்று எழுந்திருப்பது இந்தக் கேள்விதான்.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள். அங்கிருந்து கச்சேரி சாலை, லஸ் முனை. ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய இந்தச் சிறு வட்டாரத்தில் எத்தனை விதமான கடைகள்! பெரிய கம்பெனிகளின் பெயர்ப் பலகை இல்லாமல், குடும்பம் குடும்பமாகத் தலைமுறை தலைமுறையாக நடத்தப்பட்டு வருபவை இவற்றுள் பல.

கச்சேரி சாலையில் இருக்கும் டப்பா செட்டி கடைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. பிரசவ லேகியத்துக்கு வேண்டிய மருந்துச் சரக்கு வாங்கப் பாட்டிமார்கள் இன்றும் இங்கேதான் ஆள் அனுப்புகிறார்கள். அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சில பேர் மட்டுமே ஒரு சமயத்தில் உட்காரக்கூடிய இடம். இட்லிக்கும் கெட்டிச் சட்னிக்குமாக விடியற்காலையிலேயே வாசலில் ஜனங்கள் காத்து நிற்பார்கள். காளத்தி கடை பத்திரிகை விற்பதற்காக ஏற்பட்டது. இன்று அதன் ரோஸ் மில்க்கைச் சொன்னால்தான் பலருக்கும் தெரிகிறது. 1901-இல் தோன்றிய அல்லயன்ஸ் புத்தக நிலையமும் இந்தப் பேட்டையைச் சேர்ந்ததே. தெற்கு மாட வீதியில் காய்கறிக் கூடைகள். நவராத்திரி வந்துவிட்டால் வடக்கு மாட வீதி முழுவதும் கொலு பொம்மைகள்.

மூன்று ரயில்கள் கூடும் இடம்

1997-இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வந்தது. இப்போது மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு பாதைகள் இங்கே பூமிக்கு அடியில் சந்திக்கப் போகின்றன. ஒன்று மாதவரத்திலிருந்து சிறுசேரி செல்வது. மற்றொன்று கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி செல்வது. மொத்தம் சுமார் 119 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் திட்டத்திற்கு 2020-இல் அடிக்கல் நாட்டினார்கள். 63,246 கோடி ரூபாய் செலவுக்கு 2024 அக்டோபரில் மத்திய மந்திரிசபை சம்மதம் அளித்தது.

இது மயிலைக்கு வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கட்டி முடிக்கும் வரை கடைக்காரர் பிழைத்திருக்க வேண்டுமே! லஸ் முனையில் தடுப்புகள் எழுந்து, பஸ்கள் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன. முதற்கட்டப் பணிக்காக அண்ணா சாலையைப் பல ஆண்டுகள் ஒருவழிப் பாதையாக்கியபோது அங்கிருந்த வியாபாரிகள் இதே துன்பத்தைத்தான் அனுபவித்தார்கள். பெரிய ஸ்தாபனம் ஒரு கிளையில் நஷ்டப்பட்டால் மற்றொரு கிளையின் லாபத்தைக் கொண்டு சமாளிக்கும். ஒற்றைக் கடைக்காரருக்கு அந்த வழி ஏது?

ரயில் வந்த பிறகுதான் ஆபத்து

கட்டுமானக் கஷ்டமாவது ஒருநாள் தீரும். அதற்குப் பின்னால் வரும் வாடகை உயர்வு அப்படித் தீரக்கூடியதல்ல. ரயில் நிலையம் வந்த இடத்தில் மனை விலை ஏறும். மனை விலை ஏறினால் வாடகையும் ஏறும். ஐம்பது ரூபாய்க்குச் சிற்றுண்டி விற்பவர் கொடுக்கக்கூடிய வாடகை வேறு. நகைக் கடையும் துணிக் கடையும் கொடுக்கக்கூடிய வாடகை வேறு.

பழைய நாளில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்போருக்கும் கடைக்காரருக்கும் ஒரு கவசமாக இருந்தது. அதனால் வீட்டுக்காரருக்கு அநியாயம் நேர்ந்ததும் உண்டு. சொற்ப வாடகை வந்த கட்டடங்களைப் பழுது பார்க்கக்கூட மனம் வராமல் போயிற்று. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய சட்டமோ எல்லாவற்றையும் எழுத்துமூல ஒப்பந்தத்திற்கே விட்டுவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தால், நாற்பது வருஷம் கடை நடத்தியவரும் நேற்று வந்தவரும் ஒன்றுதான்.

ஆகவே, சொந்தக் கட்டடத்தில் இருப்பவர் தப்பிப்பார். வாடகைக் கடைக்காரர் தத்தளிப்பார். கோயிலுக்குச் சொந்தமான மனைகளில் இருப்பவர்கள் நிலை தனி. அங்கே வாடகையை நிர்ணயிப்பது அறநிலையத் துறையின் விதி. கோயிலுக்கு நியாயமான வருமானம் வரவேண்டும் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் கடைவீதியின் உயிரே போய்விடும்படி அந்த நியாயம் அமைந்துவிடக் கூடாது.

இதற்கிடையே கைப்பேசி வியாபாரம் வேறு. பருப்பும் புளியும் சில நிமிஷங்களில் வாசலுக்கு வந்துவிடுகின்றன. லேகியத்துக்கு எந்தச் சரக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டறிந்து வாங்குவதும், ஆவி பறக்கும் இட்லியை அங்கேயே சாப்பிடுவதும் மட்டும் அதனால் முடிகிற காரியமல்ல. சிறு கடையின் பலம் அதில்தான் இருக்கிறது.

செய்யத்தக்கது என்ன?

முதலாவதாக, சிறு வியாபாரிகள் வாய்ப்பேச்சை நம்பியிராமல், ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே நீண்ட கால ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது. இரண்டாவதாக, நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் உரிமை அளிக்கிறது. ரயில் நிலைய வாயிலைத் திட்டமிடும்போதே கூடைக்காரிக்கும் பூக்காரிக்கும் இடம் குறித்துவிட வேண்டும். பாண்டி பஜார் வியாபாரிகளை 2013-இல் வணிக வளாகத்திற்கு மாற்றியபோது, வாடிக்கைக்காரர்கள் மாடி ஏறி வருவதில்லை என்ற குறை எழுந்ததை மறக்கலாகாது. நடந்து செல்பவர் கண்ணில் பட்டால்தான் அந்த வியாபாரம் நடக்கும்.

மூன்றாவது பொறுப்பு நம்முடையது. அறுபத்துமூவர் உற்சவத்தன்று மட்டும் மயிலையின் பெருமை பேசினால் போதாது. புழுதியும் தடுப்பும் நிறைந்த இந்த நாட்களில், சற்றுச் சுற்றிக்கொண்டாவது போய் அங்கே நாலு ரூபாய் செலவிடுவதே உண்மையான ஆதரவு. ரயில் நாளை லட்சம் பேரை இறக்கிவிடலாம். மேலே ஏறி வரும் அவர்கள், எந்த ஊரிலும் இருக்கும் அதே கடைகளைத்தான் இங்கும் பார்க்க வேண்டுமென்றால், அதற்கு மயிலாப்பூர் எதற்கு?