கற்கண்டு போல ஒரு விஷம்

மயில் கழுத்தின் நீல நிறம், கற்கண்டின் உருவம். அதுதான் மயில்துத்தம். துருசு என்றும் சொல்வார்கள். பார்க்க அழகாயிருக்கும். ஆனால் விஷம்!

தாமிரமும் கந்தக அமிலமும் சேர்ந்து உண்டாகும் உப்பு இது. சோதனைச் சாலையில் இதைச் சூடாக்கினால் வெள்ளைப் பொடியாகிவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடியும் நீலம்!

விவசாயிக்கு இது நல்ல துணை. அது தெரிய வந்த கதை வேடிக்கையானது. பிரான்சு தேசத்தில் போர்டோ நகரின் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, பாதையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். 1882-ல் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்த வழியே போனார். மற்றக் கொடிகளெல்லாம் பூஞ்சாண நோயால் இலை உதிர்ந்து நிற்க, பாதையோரக் கொடிகள் மட்டும் பச்சென்று இருந்தன. திருடனுக்குத் தெளித்தது நோயைத் தடுத்துவிட்டது! ஆராய்ந்து பார்த்து, 1885-ல் அதை வெளியிட்டார். இன்று நம் தோட்டங்களிலும் தெளிக்கும் போர்டோ கலவை அதுதான்.

துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தியை நனைத்துப் பார்ப்பார்கள். கத்தியில் செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்.

தோட்டத்தோடு நின்றால் கவலையில்லை. இது வீட்டுக்குள்ளும் வருகிறது. பூச்சி அரிக்காமலிருக்க, மைதாப் பசை காய்ச்சும்போது துளி துத்தம் போடுகிறார்கள். சமையல் பாத்திரத்திலேயே காய்ச்சுவதும், மீதியை மசாலா டப்பாக்களுக்கு நடுவே செருகி வைப்பதும் என்ன புத்தி? குழந்தை கண்டால் கற்கண்டு என்று வாயில் போட்டுக்கொள்ளாதா? தின்றால் வயிறு புண்ணாகும். வாந்தி நீலமும் பச்சையுமாக வரும். இரத்த அணுக்கள் உடையும், சிறுநீரகம் கெடும், உயிரே போகலாம்.

விற்பவருக்கும் பொறுப்பு உண்டு. பருப்பு மடிக்கும் காகிதத்திலேயே இதையும் மடித்துக் கொடுக்கலாமா? மேலே 'விஷம்' என்று கொட்டை எழுத்தில் எழுத எவ்வளவு நேரமாகும்? மூன்றே எழுத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் புரியும்.

யாராவது தின்றுவிட்டால், வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் வைத்தியர்களே வாந்திக்காக இந்தத் துத்தத்தைக் கொடுத்தார்கள். ஆபத்து என்று கண்டு கைவிட்டார்கள். மீதிப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.