பேயை விடுங்க, கங்காவைப் பாருங்க!

எங்கள் ஊர்ப் பெயர் நெருப்பெரிச்சல். முதல்முறை கேட்கிற வெளியூர்க்காரர்கள், "பேய்ப் படத்துக்கு வச்ச டைட்டில் மாதிரி இருக்கே" என்று சிரிப்பார்கள். ஊரில் பேய் இருக்கிறதோ இல்லையோ, பேய்ப் படம் பார்க்கிற ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சினிமா என்பது திருப்பூர் பனியன் கம்பெனி வாழ்க்கையின் பழைய கணக்கு. இப்போது பாதிப் பேர் தியேட்டருக்குப் போகாமல் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். ஆனால், பார்த்த படத்தைப் பற்றிப் பேசுகிற இடம் மட்டும் மாறவில்லை. திங்கட்கிழமை பதினொரு மணி டீக்கு பேக்கரி வாசலில் நின்றால் போதும். எல்லா விமர்சனமும் காதில் விழுந்துவிடும்.

போன வாரப் பஞ்சாயத்து இது: பேய்ப் படத்தில் ஒரிஜினல் பெரிதா, ரீமேக் பெரிதா? இந்த ரெண்டாம் பாகம், மூணாம் பாகமெல்லாம் எதற்கு?

எங்கள் கட்டிங் மாஸ்டர் கறுப்பு வெள்ளைக் கட்சி. "கலர் வந்ததும் பயம் போயிருச்சுங்க. 'நெஞ்சம் மறப்பதில்லை' பாருங்க. ஒரு ரத்தம் இல்லை, கத்தல் இல்லை. ஆனா அந்த மாளிகையைப் பாத்தாலே உடம்பு சிலிர்க்கும்" என்றார். அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஸ்ரீதர் இயக்கி 1963-ல் வந்த அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட். அடுத்த ஆண்டே வின்சென்ட் மலையாளத்தில் தன் முதல் படமாக 'பார்கவி நிலையம்' இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீரின் கதை. அதையே 2023-ல் 'நீலவெளிச்சம்' என்று மறுபடியும் எடுத்தார்கள்.

"அப்ப 'யார் நீ?' படம்?" என்று மாஸ்டர் அடுத்த சீட்டை இறக்கினார். ஜெய்சங்கர், ஜெயலலிதா நடித்து 1966-ல் வந்தது. கைமடிக்கிற தம்பி போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், அதுவே இந்தி ரீமேக்குங்க. 1964-ல 'வோ கௌன் தி'னு வந்திருக்குது" என்றான். மாஸ்டர் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டார்.

ஓவர்லாக் அக்காவுக்கு 'காஞ்சனா' தவிர வேறு படமே கிடையாது. தம்பிக்கு 'டிமான்ட்டி காலனி'. "முதல் பாகம் 2015, ரெண்டாம் பாகம் 2024. ஒன்பது வருசம் கழிச்சு அதே டைரக்டர் கதையைத் தொடர்ந்திருக்காரு. ரெண்டாம் பாகம்னா இப்படி இருக்கணும்" என்பது அவன் வாதம்.

மணியடித்தது, எல்லோரும் மெஷினுக்குப் போய்விட்டோம். ஆனால் கேள்வி என் தலையில் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரிஜினல், ரீமேக், அடுத்த பாகம் மூன்றையும் ஒரே கதையில் அளந்து பார்க்க வேண்டுமென்றால், தென்னிந்தியாவில் அதற்கு ஒரே ஒரு கதைதான் உண்டு.

ஒரு கதை, பல அரண்மனைகள்

1993 டிசம்பரில் மலையாளத்தில் வந்தது 'மணிச்சித்திரத்தாழ்'. மது முட்டம் எழுத்து, ஃபாசில் இயக்கம். அதில் வரும் மாடம்பள்ளி மாளிகையின் சில காட்சிகளை நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையில்தான் எடுத்தார்கள். கங்காவாக நடித்த ஷோபனாவுக்கு அந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

அதைக் கன்னடத்தில் பி.வாசு 2004-ல் 'ஆப்தமித்ரா' ஆக்கினார். அதில் கங்காவாக நடித்த சௌந்தர்யா, படம் வெளிவருவதற்கு முன்பே விமான விபத்தில் இறந்துபோனார். 2005 ஏப்ரல் 14-ல் அதே வாசு தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. 2007-ல் இந்தியில் 'பூல் புலையா'. அதை இயக்கிய பிரியதர்ஷன், மலையாள ஒரிஜினலில் ஃபாசிலுக்காகச் சில காட்சிகளை எடுத்துக் கொடுத்தவர்.

இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மலையாளப் படத்தில் பேயாகச் சொல்லப்படும் நாகவல்லி, தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனப் பெண், தமிழ் பேசுவாள். தமிழ்ப் படத்தில் சந்திரமுகி தெலுங்கு பேசுவாள். இந்திப் படத்தில் மஞ்சுலிகா வங்காளம் பேசுவாள். எந்த ஊரில் எடுத்தாலும் பேய் பேசுவது பக்கத்து ஊர்ப் பாஷை! வெளியூரிலிருந்து வந்து, பாஷை புரியாத வீட்டில் மாட்டிக்கொண்டு, அங்கேயே செத்துப்போன ஒருத்தி. அவள் கதை எந்த மாநிலத்துக்கும் பொருந்திவிடுகிறது.

ஆனால் கதையின் உயிர் நாகவல்லி இல்லை, கங்கா. அந்தப் படத்தில் நிஜப் பேயே கிடையாது. கங்காவுக்கு வந்திருப்பது மனநோய். அப்பா அம்மா கல்கத்தாவில், குழந்தை மட்டும் கிராமத்தில் பாட்டியிடம் வளர்கிறது. அந்தப் பிரிவில் பிஞ்சு மனதில் விழுந்த கீறல், கல்யாணமாகிப் புருஷன் வேலையே கதி என்று கிடக்கும்போது, ஒரு பழைய மாளிகையில் பெரிதாகத் திறந்துகொள்கிறது. அவள் படித்த கதையே அவளுக்கு முகமூடியாகிவிடுகிறது.

பாட்டியிடம் விட்டு வளர்க்கப்பட்ட குழந்தை என்று படிக்கும்போதே உங்களில் சிலருக்குச் சுருக்கென்றிருக்கும். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற எத்தனையோ பேருடைய பிள்ளைகள் இன்றைக்கும் ஊரில் பாட்டி வீட்டில்தான் வளர்கின்றன.

எது மாறலாம், எது மாறக் கூடாது?

'சந்திரமுகி'யில் நிறைய மாறியது. சண்டையோடும் பாட்டோடும் ரஜினி வருவார், வடிவேலு பயத்தில் உளறுவார், ராட்சசப் பாம்பு ஒன்று எட்டிப் பார்க்கும். மலையாள ரசிகர்கள் முகம் சுளித்ததுண்டு. எனக்கு அதில் குறையில்லை. தமிழ்க் குடும்பம் தியேட்டருக்கு வர, தமிழ்ச் சாப்பாடுதான் போட வேண்டும்.

முக்கியமானது மாறவில்லை. ஆசைப்பட்டு வெளியே கிளம்பியவளைப் புருஷன் தடுக்கிற நொடியில் கங்காவின் முகம் மாறும். ஒற்றைக் கையில் கட்டிலைத் தூக்குவாள். ஷோபனா, ஜோதிகா, வித்யா பாலன் என்று யார் செய்தாலும் அந்தக் காட்சியில் முதலில் வருவது பயம், அடுத்த நிமிடம் வருவது பரிதாபம். 'இவள் பேய் இல்லை, உடம்புக்கு முடியாதவள்' என்று டாக்டர் சொல்கிறார். மாந்திரீகரும் டாக்டரோடு கைகோர்த்து அவளைக் காப்பாற்ற உதவுகிறார். கடைசியில் யாரும் அவளை அடிக்கவில்லை, துரத்தவில்லை. அவள் தூங்கி எழுந்து புருஷனோடு வீட்டுக்குப் போகிறாள்.

இப்போது ரெண்டாம் பாகங்களுக்கு வாருங்கள். 2022-ல் 'பூல் புலையா 2' வந்தது, 2023-ல் 'சந்திரமுகி 2' வந்தது. இரண்டிலும் நிஜ ஆவி! சலங்கை இருக்கிறது, நடனம் இருக்கிறது, அரண்மனைக் கதவு இருக்கிறது. கங்கா மட்டும் இல்லை. முதல் படம் மெனக்கெட்டு, 'பேயில்லை, நோய்' என்று சொன்னதை, அடுத்த பாகம் ஒரே வரியில், 'இல்லையில்லை, பேய்தான்' என்று அழித்துவிட்டது. கிராஃபிக்ஸைப் பற்றி அல்ல, அதைப் பற்றித்தான் என் வருத்தம்.

பாஷை தெரியாத பேய்

சினிமாதானே, இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். சில வருடங்களுக்கு முன் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

பெண்கள் விடுதி ஒன்றில் ஒடிசாவிலிருந்து வந்த பெண் தங்கியிருந்தாள். இருபது வயது இருக்கும். நாலு நாளாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து அவள் பாஷையில் கத்துவாள், ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். அறையில் இருந்த பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். "அப்படியே படத்துல வர்ற மாதிரி கண்ணு உருட்டறாக்கா" என்றார்கள். வேப்பிலை வந்தது. அடுத்து யாரையோ கூட்டி வந்து 'ஓட்டுவது' என்று பேச்சு நடந்தது.

பேக்கிங்கில் வேலை பார்க்கிற ஒடிசாக்காரப் பையனின் மனைவியை யாரோ அழைத்து வந்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சொன்னார்: "அம்மாவைக் கூப்பிடறா. அம்மா இறந்து ஒரு மாசமாச்சாம். போக லீவு கிடைக்கலையாம்."

அன்றைக்கே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மருந்து கொடுத்து, ஊரிலிருந்து அண்ணனை வரச் சொல்லி, அனுப்பி வைத்தார்கள். நல்லவேளையாக வேப்பிலைக்கு வேலை வரவில்லை.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி அதிகாலை, ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்கள் கெட்டவர்கள் இல்லை. மருந்துக்கு எங்கே போவதென்று தெரியாமல், பிடித்ததை இறக்கினால் சரியாகிவிடும் என்று நம்பியவர்கள். இது எந்த மதத்து வாசல் என்கிற கேள்வியே இல்லை. எல்லா வாசல்களிலும் அந்த நம்பிக்கை உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சொல்கிறது. சட்டத்துக்கு முன்பே அதை ஒரு மசாலாப் படம் வீடு வீடாகச் சொல்லியிருந்தது என்பதுதான் 'மணிச்சித்திரத்தாழ்' குடும்பத்துக்கு நாம் சொல்ல வேண்டிய நன்றி.

நியாயமாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். படத்தில் வருகிற மாதிரி, பொம்மையை வெட்டவிட்டு ஒரே ராத்திரியில் எந்த டாக்டரும் குணப்படுத்த மாட்டார். நிஜத்தில் மாத்திரை, பேச்சு, பொறுமை, மாதக்கணக்கு. அந்த அளவுக்கு ஒரிஜினலும் சினிமாதான்.

அப்போ நிஜப் பேய்ப் படமே கூடாதா?

அப்படிச் சொன்னால் ஓவர்லாக் அக்கா என்னை விடமாட்டார். 2007-ல் வந்த 'முனி'யின் அடுத்த பாகம்தான் 2011-ல் வந்த 'காஞ்சனா'. அதில் பேய் நிஜம். ஆனால் அந்தப் பேய்க்கு ஒரு வாழ்க்கை இருந்தது. வீட்டை விட்டு விரட்டப்பட்ட ஒரு திருநங்கை, தன்னைப் போல விரட்டப்பட்ட இன்னொரு பிள்ளையை வளர்த்து டாக்டராக்குகிறாள். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படுகிறாள். சரத்குமார் அந்த வேடத்தில் வந்தபோது சிரிக்க வந்த கூட்டம் அமைதியானது. அக்கா சொன்னது இது: "அந்தப் படத்துக்கப்புறம் பஸ்ல அவங்க பக்கத்துல உக்கார எனக்குக் கூச்சமே போயிருச்சுங்க." அது ரெண்டாம் பாகம்தான், முதல் பாகத்தைத் தாண்டி நின்றது. 2015-லும் 2019-லும் வந்த அடுத்தடுத்த பாகங்களில் பேய்க் கூட்டம் பெருகியது. காஞ்சனா மாதிரி ஒரு ஆள் மட்டும் மனதில் நிற்கவில்லை.

அப்படியே நகலெடுத்தாலும் போதாது. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960-ல் வந்தது. 1998-ல் கஸ் வான் சான்ட் என்ற இயக்குநர், கிட்டத்தட்ட ஷாட்டுக்கு ஷாட் அதையே கலரில் எடுத்தார். எல்லாம் அதேதான், பயம் மட்டும் வரவில்லை. சாம்பிள் பனியனைப் பார்த்துத் தைத்தால் அளவு சரியாக வந்துவிடும். துணி வேறென்றால் போட்டுப் பார்க்கும்போது தெரிந்துவிடும்.

ஆகவே மாஸ்டருக்கும் தம்பிக்கும் அக்காவுக்கும் என் தீர்ப்பு: ஒரிஜினலா, ரீமேக்கா, எத்தனையாவது பாகம் என்று பார்க்காதீர்கள். படம் முடிந்து பேய் போன பிறகு, ஒரு மனுஷியோ மனுஷனோ மனதில் மிச்சம் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் நல்ல படம்.

பிள்ளைகளோடு பேய்ப் படம் பார்க்கிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். படம் முடிந்ததும் லைட்டைப் போட்டு, "அந்தப் பொண்ணுக்கு உண்மையில என்ன ஆயிருக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். குழந்தைகள் சொல்லும் பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். நிஜ வாழ்க்கையில் யாராவது தூங்காமல், சாப்பிடாமல், தனியாகப் பேசிக்கொண்டு, சம்பந்தமில்லாமல் கத்திக்கொண்டு இருந்தால், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பிறகு 14416-க்கு போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

உங்கள் வீட்டில் எந்தப் பேய்ப் படத்துக்கு ஓட்டு? அடுத்த திங்கட்கிழமை டீக்குள் சொல்லுங்கள். மாஸ்டர் காத்திருக்கிறார்.